இரண்டாங்கட்டில் ஐம்பது

உள்ளங்கை அளவு போர்டு.
செக்காலை ரோட்டுக் கடையில்
கேமரா மாட்டும் வேலை ஓய்ந்த ராத்திரிகளில்
நானே பற்றவைத்தது.
வரைபடம் யாருடையதோ, முகம் தெரியாது.
எடுத்துக்கொள், மாற்று, விற்றாலும் சரி,
மாற்றியதை மட்டும் மறைக்காதே.
அவ்வளவுதான் நிபந்தனை.

ஒரு கால் படத்துக்கு, ஒரு கால் சத்தத்துக்கு.
படத்துக்கு இரண்டே ரெசிஸ்டர்:
பழுப்பு கறுப்பு சிவப்பு,
மஞ்சள் ஊதா பழுப்பு.
இருட்டும் சாம்பலும் வெளிச்சமும்
இந்த இரண்டு குச்சி வழியாகத்தான் வரவேண்டும்.
ஓரத்தில் இரண்டு வரிசைத் துளைகள்,
எதுவும் செருகாமல்.

மஞ்சள் துளை உள்ள டிவிதான் கிடைக்கவில்லை.

பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்கு
எட்டு கேமரா மாட்டப் போனேன்.
இரண்டாங்கட்டு அறையில் இருந்தது:
இருபத்தோரு இஞ்ச், முதுகு புடைத்தது,
தலையில் புறா எச்சம்.
காவலிருக்கும் அடைக்கலத்திடம் விலை கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
முப்பத்தேழு பங்காளி, என்றான்.
ஒருத்தர் சிகாகோ, ஒருத்தர் ஈப்போ,
ரெண்டு பேர் பேசிக்கிறதில்லை,
ஒருத்தர் செத்துப்போய் அவர் இடத்துக்கு நாலு பேர்.
அத்தனை கையெழுத்தும் வந்தாத்தான்
ஒரு கரண்டி வெளியே போகும்.

டிவி வராது.
சரி, போர்டு போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை வாசல் நோட்டில் எழுதினேன்:
உள்ளே – போர்டு ஒன்று, வயர் இரண்டு.

சூடாக ஒரு நிமிஷம். தூசி வேகும் வாசம்.
படம் வந்தது, நிற்கவில்லை.
மேலே மேலே உருண்டுகொண்டே போனது.
அடைக்கலம் டிவி தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.
தட்டினால் தீருகிற நோயில்லை இது.
வரைந்தவன் ஊரில் கரண்டுக்கு
நொடிக்கு அறுபது துடிப்பு,
நமக்கு ஐம்பது.
அவன் படத்துக்கு இருநூற்று அறுபத்திரண்டு கோடு,
நமக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.
கவிழ்ந்துகிடந்த அண்டா மேல் லேப்டாப்பை வைத்து
மூன்று எண்களை மாற்றினேன்.

நின்றது.

கறுப்பில் ஒரு வெள்ளைக் கட்டம்.
ஓரத்தில் முட்டித் திரும்பும், மறுபடி முட்டும்,
முட்டுகிறபோதெல்லாம் ஒரு ‘ட்ணுக்’.
உத்தரத்துப் புறாக்கள் எழுந்து
முற்றத்து வானத்தைக் கலைத்துவிட்டு உட்கார்ந்தன.
ஒன்றுமே நடக்காத அந்தப் படத்தை
அரைமணி நேரம் பார்த்தோம்.
மிகச்சரியாக மூலையில் போய் முட்டுமா என்று
ஒரு டீ பந்தயம் வேறு.
முட்டவில்லை. டீ அவன் வாங்கினான்.

இதுக்கு எத்தனை பங்காளி?
தெரியாது. ஆயிரம் பேர் இருக்கலாம்.
யாரு கையெழுத்துப் போடறது?
யாரும் இல்லை.
அப்ப சண்டையே வராதா?
வரும். வந்தா ஒரு நகல் எடுத்துக்கிட்டுத்
தனியாப் போயிருவாங்க.
டம்ளரைச் சுழற்றிக்கொண்டே யோசித்தான்.
வேறு வைக்கிறது, என்றான்.
கல்யாணமானதும் செட்டியார் வீட்டுல வைப்பாங்கள்ல.
அதே வீடு, அடுப்பு மட்டும் வேற.

நாலு வருஷமாய் அந்தக் காரியத்துக்கு
ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

காலித் துளைகளை நகத்தால் வருடினான். இது?
அதுல செருக இன்னும் எதுவும் செய்யலை.
செய்யாததுக்கா ரெண்டு வரிசை?
பதில் யோசிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.
திரை நடுவில் ஒரு புள்ளி மட்டும்
போக மனமில்லாமல் கொஞ்சநேரம் இருந்தது.

வெளியே – போர்டு ஒன்று, வயர் இரண்டு.
டிவி இருந்த இடத்தில் இருக்கிறது.
அடைக்கலம் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டான்.

ராத்திரி திருத்தத்தை அனுப்பினேன்.
எங்கே சோதித்தது என்ற வரிக்கு எதிரே:
பள்ளத்தூர், இரண்டாங்கட்டு,
முப்பத்தேழு பேருடைய டிவியில்,
அவர்களுக்குத் தெரியாமல்.
சோதித்தவர்கள்: பொன்னழகி, அடைக்கலம்.